எட்டாம் பாத்திக்கு எல்லம்மாவின் முறை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எண் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது.

1. மாசி மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவையும் பக்கத்துக் குப்பங்களையும் சேர்ந்த பத்துப் பெண்கள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த மணல் நிலத்தில் பத்துப் பாத்தி மரவள்ளி நட்டார்கள்.

2. நடுவதற்கான குச்சிகளை அனுப்பியது ஆத்தூர்ப் பக்கம் நான் வேலை செய்யும் பயிர் நிலையம்.

3. பாத்திகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். செடி தழைத்தபின், வைகாசியிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒவ்வொருவரும் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள்.

4. முதல் பாத்தியில் இலை கருகியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கோடையில் லேசாகவும் மழை தொடங்கியதும் கடுமையாகவும் கருகியபடி ஏழாவது வரை வந்தது.

5. ஏழு பாத்திகளிலும் கருகல் தெரிந்தது எல்லம்மா அங்கே போன பிறகுதான்.

6. கார்த்திகை அமாவாசைக்கு எல்லம்மா எட்டாம் பாத்திக்குப் போகவேண்டும். விடக்கூடாது என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

7. என்னை அனுப்பினார்கள்.

ஏழாவது எண்ணுக்குக் காரணம் என் திறமை அல்ல. மழைக்காலத்தில் ஏரிக்கரைக்குப் போக நிலையத்தில் வேறு யாரும் முன்வரவில்லை.

முதல் நாள் மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். இரவெல்லாம் பேருந்தில் வந்த களைப்பு. கண் விழித்தபோது எதிரில் இருந்த பூக்கார அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன். பெயர்ப்பலகை அனுப்பம்பட்டு என்றது. நான் இறங்கவேண்டிய பொன்னேரி அடுத்த நிலையம்.

"இன்னாமே, எம் பின்னாடியே வர்ற? எங்க வூட்டுக்கா?" என்றார் அந்த அம்மாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி என் கையில் வைத்தார். "தூங்குற பொண்ணு தலையில பூ இல்லாம தூங்குது பாரு. அடுத்த வண்டி வரும், குந்து."

அடுத்த வண்டி நெடுநேரம் வரவில்லை. நடைமேடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டேன். பையைத் திறந்து சரிபார்த்தேன்: சிறிய நுண்ணோக்கி, கண்ணாடித் தகடுகள், இரண்டு புட்டி ஸ்பிரிட், கத்தரிக்கோல், நோட்டு, சிவப்புப் பேனா. எல்லாம் இருந்தன. குடை மட்டும் ரயிலோடு போயிருந்தது.

பொன்னேரியிலிருந்து ஏறிய ஷேர் ஆட்டோ பாதி வழியில் பஞ்சர். காலி மீன் கூடைகளோடு இருந்த நான்கு பெண்களும் நானும் ஒரு புளியமரத்தடியில் மழைக்கு ஒதுங்கினோம். மரவள்ளிக்கு வந்த நோயைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் ஒருத்தி, "ஆளுக்கு வந்தா பாக்க நாதி இல்ல. கெழங்குக்கு டாக்டரு!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வாய் அசையச் சோம்பலாக இருந்தது.

குழுவின் தலைவி மங்கம்மா. அவர் கணவர் பாடு முறையில் மீன் பிடிப்பவர். ஏரியில் நல்ல இடம், மோசமான இடம் என்று இருக்கும். யாரும் ஒரே இடத்தில் குந்திவிடக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடம் மாற்றிக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பெண்கள் கிழங்கு நட்டபோது வேறு ஏற்பாட்டை யோசிக்கவே இல்லை. பாத்திக்கும் பாடு வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் இது நடக்காது. அங்கே குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி ஏக்கர் கணக்கில் நிற்கும். அப்பாவின் வரப்பில் பெரியப்பா கால் வைத்தாலே பஞ்சாயத்து. ஒருவன் நட்ட பாத்தியை மாதம் ஒருத்தன் கவனிப்பான் என்று சொன்னால் அப்பா சிரிப்பார். கிளம்பும் முன் இதை நோட்டில் குறித்துக்கொண்டபோது நானும் சிரித்திருந்தேன்.

நிலத்துக்குப் போனதும் சிரிப்பு போய்விட்டது. முதல் பாத்தியில் செடிகளின் நுனி காய்ந்து குச்சியாக நின்றது. தண்டில் பிசின் துளித்துளியாகக் காய்ந்திருந்தது. ஏழாம் பாத்தியில் இப்போதுதான் ஆரம்பம். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், காகிதத்தில் எண்ணெய் பட்டதுபோல மூலை மூலையாகப் புள்ளிகள். ஓர் இலைத் துணுக்கைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வெட்டிய ஓரத்திலிருந்து மெல்லிய புகை போல ஒன்று கசிந்து பரவியது. பாக்டீரியா கருகல். சந்தேகம் இல்லை.

மங்கம்மாவும் எட்டிப் பார்த்தார். "ஐய, சோறு வடிச்ச தண்ணி மாதிரி ஊத்திக்கினு வருது."

இதற்கு மருந்து அடித்துப் பயனில்லை. நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரிக்கவேண்டும். அந்தக் குச்சியை மறுபடி நடக்கூடாது. வெட்டிய கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்கக்கூடாது. இலை ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் நுழையக்கூடாது. ஆட்டுக்குத் தழை ஒடிப்பதையும் நிறுத்தவேண்டும். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பத்துப் பாத்திகளையும் நோட்டில் கட்டம் போட்டு, எந்த மாதம் எது கருகியது என்று கேட்டுக் கேட்டுச் சிவப்பு அடித்தேன். படம் அழகாக வந்தது. காற்று அடிக்கும் திசையில் போகவில்லை. தண்ணீர் ஓடும் சரிவிலும் போகவில்லை. அமாவாசைக்கு அமாவாசை ஒரு பாத்தி. படத்தை உயர்த்திப் பிடித்து, "பாருங்க, பாடு மாறின வழியிலேயே நோய் போயிருக்குதுங்க. ஒன்னாம் பாத்தியில முதல்ல இருந்தவங்க கையோட, கத்தியோட போயிருக்குது," என்றேன்.

எல்லோரும் திரும்பி ஏழாம் பாத்தியைப் பார்த்தார்கள். அங்கே ஒல்லியான ஒரு பெண் இடுப்பில் ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் எல்லம்மா என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாங்க சொன்னா வாய் மேல அடிச்சீங்களே," என்றாள் எட்டாம் பாத்தியில் அந்த மாதம் இருந்த பெண். பெயர் தேவகி. "இப்போ படிச்ச பொண்ணே சொல்டுச்சு. அவ கை பட்டா கருகுது."

"நான் அப்படிச் சொல்லலீங்க..."

"அப்படித்தாம்மா சொன்ன," என்றாள் தேவகி.

எல்லம்மா நிமிர்ந்து கையை உதறினார். என்னைப் பார்த்து, "எழுதிக்கினியா? நல்லா செவப்புல எழுதிக்கோ," என்றார். களைக்கொட்டை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

பகல் சாப்பாடு மங்கம்மா வீட்டில். மடவை மீன் குழம்பு, நண்டு வறுவல். கோழி தின்று வளர்ந்த எனக்கு நண்டை எங்கே பிடித்து எப்படி உடைப்பது என்று தெரியாது. ஒவ்வொரு காலாக ஒடித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினேன். "நண்டக்கூட லைன்ல நிக்க வெக்குது பாரு இது," என்றார் மங்கம்மா. ருசி நன்றாக இருந்தது. ஆனால் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாத்திகளுக்கு எண் சரிபார்க்கப் போனேன். எங்கள் நிலையம் ஒவ்வொரு குச்சிக் கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை கட்டி அனுப்பும். அந்த அட்டைகளையே பெண்கள் பாத்தித் தலைப்பில் கழி நட்டு மாட்டியிருந்தார்கள். வெயிலில் மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. முதல் பாத்தியின் அட்டையைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'மீ' என்று ஓர் எழுத்து. கீழே என் கையெழுத்து.

'மீ' என்று எழுதும் பழக்கம் நிலையத்தில் எனக்கு மட்டும்தான். மீதிக் கட்டு என்பதன் சுருக்கம். மாசி மாதத்து அந்த மதியம் நினைவுக்கு வந்தது. வண்டி கிளம்ப நின்றது. ஒன்பது கட்டு தயார். பத்தாவது குறைந்தது. பழைய வயலில் மிச்சமிருந்த குச்சிகளைச் சேர்த்துக் கட்டினோம். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, வெட்டு முனையைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்பது கட்டுகளைப் பிரித்தேன். பத்தாவதைப் பிரிக்கவில்லை. பசி, வெயில், ஓட்டுநரின் ஹாரன். காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். எதுவும் காரணமாக நிற்கவில்லை.

அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் கழற்றினேன் என்று இப்போதும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குள் இன்னொரு சிக்கல். மூன்றாம் பாத்தியில் பதினோரு செடிகள் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. மங்கம்மாவிடம் கேட்டேன்.

"பசியாவரத்துல எந்தங்கச்சி நடுறேன்னு கேட்டா. முந்தாநேத்து குடுத்தனுப்பினேன். பாக்க நல்லாத்தான இருந்துச்சு?"

பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவு. அங்கே நட்டுவிட்டால் நோய் தண்ணீரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே போகவேண்டும் என்றேன். மங்கம்மாவுக்கு மீன் ஏலம் இருந்தது. "எல்லம்மா கூட்டிக்கினு போவா. அவளுக்குத் தெரியாத சேறு இந்த ஏரியில கெடையாது," என்றார்.

நேற்று என் படத்தால் தலை குனிந்த பெண்ணோடு இன்று படகில். படகுக்காரர் மட்டும் முகத்துவாரம் தூர்ந்துபோனதைப் பற்றி, மழை பெய்தும் தண்ணீர் ஏறாததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு முடிவதற்குள் படகு மணலில் ஏறி நின்றது.

"எறங்குங்கோ," என்றார், ஏதோ நிறுத்தம் வந்துவிட்டதுபோல.

இறங்கினோம். முழங்கால் வரை சேறு. எல்லம்மா பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான் பக்கவாட்டில் தள்ளினேன், அல்லது தள்ளுவதாக நினைத்துக்கொண்டேன். படகு அசையவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஏறட்டும் என்று படகுக்காரர் பீடி பற்றவைத்தார்.

எல்லம்மா சும்மா நிற்கவில்லை. பறி எனப்படும் ஓலைப்பையின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் தடவியபடி நகர்ந்தார். கண் எங்கோ பார்த்தது. விரல்தான் தேடியது. சட்டென்று கை மேலே வந்தால் அதில் இறால். இறால் பறிக்குள் போகும், கை மறுபடி சேற்றுக்குள் போகும். விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு.

கொஞ்சநேரம் கழித்துப் பறியைப் படகில் வைத்துவிட்டு அவராகவே பேசினார்.

"எங்க நைனாவும் இப்படித்தான். எங்காளுங்களுக்கு ஏரியில பாடு கெடையாது, தெரியுமா? வலை போடுறவங்களுக்குத்தான் பாடு. கையால தடவுறவங்களுக்கு இன்னா பாடு? எங்க எடம் கீதோ அங்க தடவிக்கோ, யாராச்சும் வந்தா நவுந்துக்கோ. அவ்ளோதான்."

"அப்போ இந்தக் கிழங்குப் பாத்தி..."

"இதான் மொத பாடு. மங்கம்மா சீட்டுல எம் பேரையும் எழுதினா. எடுத்துப் பாத்தா ஒன்னாம் நெம்பரு." சிரித்தார். "வூட்ல போயி சொன்னேன், எனக்குத்தான் மொத பாடுனு. எம்புருசன் நம்பல. சீட்டக் காட்டினேன்."

அட்டை பைக்குள் இருந்தது. பை என் தோளில் இருந்தது. அப்போது சொல்லியிருக்கவேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் படகில் இடம் தேவைப்பட்டது.

தண்ணீர் ஏறவில்லை. மறுபடி தள்ளினோம். இந்த முறை எல்லம்மா என் கையைப் பிடித்து எங்கே வைக்கவேண்டும் என்று காட்டினார். "தோள வெய்யி. கை எதுக்கு ஆவும்?" படகு நகர்ந்தது.

பசியாவரத்தில் மங்கம்மாவின் தங்கை குச்சிகளைத் துண்டாக்கி, குழாயடிக்குப் பக்கத்தில் வரிசையாக நட்டு முடித்திருந்தார். பிடுங்கச் சொன்னதும் முகம் மாறியது. "அக்கா குடுத்தத நீ வந்து புடுங்குன்னு சொல்ற. நீ யாரு?" நான் ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் பிளந்து காட்டினேன். உள்ளே பழுப்புக் கோடு ஓடியது. அவர் அதைப் பார்த்தார், எல்லம்மாவைப் பார்த்தார்.

"இவ கை பட்டதா?"

"ஆமா, பட்டுச்சு," என்றார் எல்லம்மா. "புடுங்கு. அப்புறமா திட்டு. நேரமாவுது."

நாற்பத்து நான்கு துண்டுகள். எண்ணிப் பிடுங்கி, சவுக்குச் சருகைப் போட்டுக் கொளுத்தினோம். ஈரத்தில் புகை அதிகம். கண் எரிச்சலோடு திரும்பினோம். திரும்பும்போது படகு எங்கும் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் மதியம், மழை விட்ட நேரத்தில், மீன் ஏலம் போடும் கொட்டகையில் கூடினார்கள். பத்துப் பெண்களும் இருந்தார்கள். எல்லம்மா கடைசித் தூணில் சாய்ந்து நின்றார். பேசவேண்டியது ஒன்றுதான்: வருகிற அமாவாசைக்கு எல்லம்மா எட்டுக்குப் போகலாமா, கூடாதா. கூடாதென்றால் அவர் பாடு முறையிலிருந்தே நீக்கம். எட்டு, ஒன்பது, பத்து மட்டும்தான் மிச்சம். அதுவும் போனால் அடுத்த ஆண்டு நடுவதற்குக் குச்சி கிடையாது.

தேவகிதான் ஆரம்பித்தாள். "எனக்கு அவ மேல இன்னா பகை? மூணு பாத்தியாச்சும் பொழைக்கட்டும்னுதான் சொல்றேன்."

நான் எழுந்தேன். அட்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தேன்.

"ஒன்னாம் பாத்திக் குச்சி எங்க நிலையத்துல மீந்துபோன குச்சிங்க. கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடணும். நான் பிரிக்காமப் போட்டேன். நோய் அந்தக் கட்டுலயே வந்துச்சு. எல்லம்மாக்கா செஞ்சது ஒன்னுதான், முதல் சீட்டை எடுத்தாங்க."

மங்கம்மா அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரு. மொத சீட்டு நான் எடுத்திருந்தா?"

"நீங்க போற பாத்தியெல்லாம் கருகியிருக்கும்ங்க."

"ரெண்டாவது எடுத்திருந்தா?"

"உங்க பாத்தி நல்லா இருக்கும். உங்களுக்குப் பின்னாடி வர்றவங்க பாத்தி கருகும்."

பாடு முறைக் கணக்கு அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படம் தேவைப்படவில்லை. மங்கம்மா விரல்விட்டு ஒரு சுற்று எண்ணினார். "ஏரியில மொத பாடு கெட்டா தண்ணியத்தான் திட்டுவோம். குந்தினவனத் திட்ட மாட்டோம்," என்றார் யாரையும் பார்க்காமல்.

தேவகி விடவில்லை. "சரி, கட்டு இவளுது. ஆனா இப்போ சீக்கு எல்லம்மா கத்தியில கீதா இல்லியா?"

"கத்தியில, ஈரப் புடவையில, கழுவாத கையில இருக்கும்ங்க. ஆள்கிட்ட இல்ல. கழுவினா போயிடும்."

"பாக்காம கையெழுத்து போட்டேன்னு இப்பத்தான் சொன்ன. இத பாத்துட்டுச் சொல்றியா, பாக்காம சொல்றியா?"

நியாயமான கேள்வி. நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு. ஆனால் அந்தக் கொட்டகையில் அது எடுபடாது என்று தெரிந்தது. "எட்டாம் பாத்திக்கு வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க. மழை இருக்குது. எல்லம்மாக்கா போகலைன்னாலும் வரலாம். வேற யார் ஈரத்தோட போனாலும் வரலாம். எல்லாருக்கும் ஒரே கட்டுப்பாடு வெச்சா வாய்ப்பு குறையும். அவ்வளவுதான் தெரியும்."

அப்போது எல்லம்மா தூணை விட்டு முன்னால் வந்தார். என்னெதிரே நின்றார்.

"நேத்து தோணியில வரும்போதே தெரியுமா உனக்கு?"

"தெரியும்கா."

"சேத்துல தள்ளும்போது?"

"அப்பவும் தெரியும்."

"ம்," என்றார். திட்டியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த 'ம்'மை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கை கழுவுன்னா கழுவுறேன். புடவ மாத்துன்னா மாத்துறேன். ஆனா எனக்கு மட்டும்னா முடியாது. அல்லாரும் கழுவணும். பாடுன்னா அல்லாருக்கும் பாடு."

முடிவை எடுத்தது மங்கம்மா. ஏரியில் வலை கட்டும் கழிகளை யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. கழி அதே இடத்தில் நிற்கும், ஆள்தான் மாறுவான். "அதே மாதிரி கத்தியும் களைக்கொட்டும் பாத்தியோட கெடக்கட்டும். ஆளு வெறுங்கையோட வரட்டும், வெறுங்கையோட போவட்டும்." இதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

தேவகி அரை மனதோடு தலையாட்டினாள். "எட்டுல ஒரு எல கருகட்டும், அப்புறம் கீது," என்றாள். "கருகினா ஆத்தூர் பொண்ணத்தான் கூப்பிடணும், என்ன இல்ல," என்றார் எல்லம்மா. நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

அன்றே பிடுங்க ஆரம்பித்தோம். முதலில் ஏழாம் பாத்தி. தன் பாத்தியை எல்லம்மா வேறு யாரையும் தொட விடவில்லை. வேரோடு ஆட்டி ஆட்டி எடுத்தார். மணலில் கிழங்கு சுலபமாக வந்தது. எங்கள் ஊர்க் கிழங்கின் பாதி பருமன்தான். ஆனால் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. இந்த நோய் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, கிழங்கை வேகவைத்துத் தாராளமாகத் தின்னலாம் என்றேன்.

"மொதல்ல நீ தின்னு காட்டு," என்றாள் தேவகி.

தின்று காட்டினேன். உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்த கிழங்கு, எல்லம்மா முந்தின நாள் பிடித்த இறாலில் வைத்த தொக்கு. எங்கள் பக்கத்தில் இதைச் சட்னியோடு தின்போம், அல்லது ஆலைக்கு அனுப்பி ஜவ்வரிசியாகத் திரும்ப வாங்குவோம். இறாலோடு தின்னலாம் என்று இருபத்தெட்டு வயது வரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். தட்டில் தொக்கை வைத்தது மங்கம்மா. எல்லம்மா என் பக்கம் வரவில்லை.

நான்காம் நாள் காலை வெயில் அடித்தது. பிடுங்கிய தண்டுகளையும் இலைகளையும் தோப்புக்கு அப்பால் குவித்துக் கொளுத்தினோம். கத்திகளைக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எட்டு, ஒன்பது, பத்தின் கழிகளில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். என் அட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். "ஒன்னாம் பாத்தியிலயே மாட்டு," என்றார் மங்கம்மா. "அடுத்த வாட்டி நீ குச்சி அனுப்பும்போது அது ஞாபகம் வரட்டும்." மாட்டினேன்.

கிளம்பும்போது எல்லம்மா ஏரியில் இருந்தார். பறி வாயில். கை காட்டினேன். அவருக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தன. தலையை லேசாக அசைத்ததுபோல இருந்தது. தண்ணீரில் இருப்பவர்கள் அப்படி அசைவது வழக்கமாகவும் இருக்கலாம்.

பொன்னேரி வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். ரயிலில் இடம் கிடைத்தும் தூங்கவில்லை.

நிலையத்தில் அறிக்கை கொடுத்தேன். நோய் வந்த வழி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு விவரம் தேவையா?" என்றார். தேவை என்றேன். புதிய குச்சிகள் பங்குனிக்குள் போகும். கட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதுவும் சரிதான்.

இதை எழுதும் மார்கழி முதல் வாரத்தில் நிலவரம் இது. ஏழு பாத்திகள் வெறும் மணல். ஒரு பருவத்துக்கு அங்கே மரவள்ளி கிடையாது. காராமணி போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதும் பத்தும் பச்சையாக நிற்கின்றன. எட்டில் இரண்டு இலைகளில் புள்ளி என்று நேற்று தேவகி போனில் படம் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சி கடித்தது போலத் தெரிகிறது. இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல் சொல்லமாட்டேன் என்று பதில் எழுதினேன். அமாவாசை முடிந்துவிட்டது. எட்டாம் பாத்தியில் எல்லம்மா இருக்கிறார்.